மேனேஜர் கழுத்தில் பச்சை ரிப்பன்

ஜனவரி 9

அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்லத்தான் போன் போட்டேன். நீ "ஹலோ" என்றாய். உடனே உன் காப்பகத்து நாய்கள் அத்தனையும் "ஹலோ" என்றன. நான் கத்த, நீ கத்த, அவை கத்த, பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "சார், குடும்பத்துல ஏதாவது பிரச்சினையா?" என்று ஆசையோடு கேட்டார். போன் மணி கேட்டாலே குரைக்கிற நாய்களோடு நீ குடித்தனம் நடத்துகிற வரைக்கும் நமக்குக் கடிதம்தான் கதி.

அன்று வந்துபோனதிலிருந்து மேனேஜர் ஞாபகமாகவே இருக்கிறது. அந்தக் கிழட்டுப் பழுப்பு நாய்க்கு நீ வைத்த பேர் ரொம்பப் பொருத்தம். தண்ணீர்த் தொட்டி கழுவுகிற ஆளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு காதைத் தொங்கவிட்டு, ஒரு காதை நிமிர்த்தி, "அந்த மூலையை விட்டுட்டியேப்பா" என்று பார்க்கிறதே ஒரு பார்வை! எங்கள் டிரைவிங் ஸ்கூல் முதலாளி இத்தனை வருஷம் முயன்றும் அவருக்கு அந்தப் பார்வை வரவில்லை. அது என் ஷூ மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. "இவனை நானே எடுத்துக்கறேன்க்கா" என்று சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். நீ ஓடிப்போய், ஆள் முடிவான நாய்க்குக் கட்டுகிற பச்சை ரிப்பனைக் கொண்டுவந்து அதன் கழுத்தில் கட்டினாய். முடிச்சை அவிழ்த்து அவிழ்த்து மறுபடி கட்டினாய். நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

சொன்னது சொன்னதுதான். ஆனால் எங்கள் கேட்டில் தாழ்ப்பாள் சரியில்லை. வெல்டரைக் கேட்டால் "செவ்வாய்க்கிழமை வர்றேன்" என்கிறார். எந்தச் செவ்வாய் என்று சொல்வதில்லை. மாதக் கடைசிக்குள் வந்து அழைத்துப் போகிறேன். உன் தம்பி மனைவி அவள் வேலை செய்கிற மருந்துக் கடையிலிருந்து பூச்சி மருந்தெல்லாம் வாங்கி வைத்துவிட்டாள். நாய்க்கா எனக்கா என்று நான் கேட்கவில்லை.

தம்பி

ஜனவரி 18

தம்பிக்கு,

தாழ்ப்பாள் இல்லாவிட்டால் கயிறு கட்டு. மேனேஜர் ஓடிப்போகிற வயசில் இல்லை.

ரிப்பன் கட்டின நாயை இங்கே என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியாது. வருகிறவர்கள் கண்ணில் படாமல் பின்வரிசைக்கு மாற்றிவிடுவோம். முன்னால் வைத்தால், "அது இவங்களுக்குன்னா எங்களுக்கு ஏன் காட்டினீங்க?" என்று சண்டைக்கு வருகிறார்கள். ஒரு தடவை ஒரு குட்டைக்கால் நாய்க்காக இரண்டு குடும்பம் வாசலிலேயே கட்டிப் புரண்டது. அதிலிருந்து இதுதான் வழக்கம். பின்வரிசைக்கு எதிரில் சுவர். மேனேஜர் இப்போது அந்தச் சுவரை மேற்பார்வை பார்க்கிறார்.

நேற்று பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். கடை மூடினபிறகு துணைக்கு ஒரு நிதானமான நாய் வேண்டுமாம். பின்னால் எட்டிப் பார்த்து மேனேஜரைக் காட்டினார்கள். "அது என் தம்பிக்கு" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி நீ சொன்ன நல்ல வார்த்தை, "இவனை நானே எடுத்துக்கறேன்" என்றது ஒன்றுதான். அவர்கள் ஒரு கறுப்பு நாயை எடுத்துக்கொண்டு போனார்கள்.

சீக்கிரம் வா.

அக்கா

பிப்ரவரி 7

அக்காவுக்கு,

மாதக் கடைசி என்றேனே, எந்த மாதம் என்று சொல்லவில்லையே என்று வெல்டர் மாதிரி தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. வேலை நெட்டி முறிக்கிறது. புதிதாக ஒரு பல் டாக்டர் அம்மா கார் கற்றுக்கொள்ள வருகிறார். கிளட்சைப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி பிடுங்குகிறார். என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருப்பதால்தான் இன்னும் உயிரோடு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தால்கூட வலது கால் தரையை அழுத்துகிறது. உன் தம்பி மனைவி, "ஏங்க, டைல்ஸ் உடையப்போகுது" என்கிறாள்.

அப்புறம் ஒரு சந்தேகம். எனக்கில்லை. எங்கள் தெரு தையல்காரர் வீட்டில் புதிதாக ஒரு குட்டி. சின்னது, வெள்ளை, பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும். பேர் ஹாரன். ராத்திரி முழுக்க முனகுகிறது. மடியில் வைத்தால்தான் தூங்குகிறது. செருப்பு, சோபா கால், வண்டிச் சாவி எதையும் விடுவதில்லை. பாவம் மனுஷன், கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறார். என்ன செய்யலாம் என்று உன்னைக் கேட்கச் சொன்னார்.

மேனேஜருக்கு என் வணக்கம். கேட் வேலை நடக்கிறது.

தம்பி

பிப்ரவரி 15

தம்பிக்கு,

தையல்காரர் வீட்டு நாய்க்கு ஹாரன் என்று பேரா? ஊசி, நூல், பாபின் ஒன்றும் அவருக்குத் தோன்றவில்லையா? சரி, போகட்டும்.

அவர் தன் பழைய சட்டை ஒன்றைக் குட்டி படுக்கிற இடத்தில் போடட்டும். துவைக்காத சட்டை. கடிக்க ஈரத்துணியை முறுக்கிக் கொடுக்கட்டும். ராத்திரி முனகுகிறது என்றால் தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்திருக்கிறார்கள். எங்கே வாங்கினார் என்று கேட்டுச் சொல்.

இங்கே செய்தி நன்றாக இல்லை. மேனேஜர் சரியாகச் சாப்பிடுவதில்லை. நோய் ஒன்றும் இல்லை என்கிறார் கால்நடை டாக்டர். "வேலையிலேர்ந்து எடுத்துட்டா நானும் இப்படித்தான்மா ஆவேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்வரிசையில் இருந்தபோது காலையில் எல்லாரும் வேலைக்கு வந்துவிட்டார்களா என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் தட்டில் வாய் வைப்பார். இப்போது சுவர் மட்டும்தான் வேலைக்கு வருகிறது.

ஒரு நர்ஸம்மா வந்தார். ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். நான் குட்டிகளைக் காட்டினேன். "வேண்டாம்மா, எனக்கப்புறம் அது தனியா நிக்கும். எனக்குச் சமமா வயசான ஆளா ஒண்ணு குடுங்க" என்றார். எங்களிடம் கிழம் என்று இருப்பது மேனேஜர் ஒருவர்தான். "ரிப்பன் கட்டியாச்சும்மா" என்றேன். போய்விட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தார். "வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்களா?" "இல்லம்மா, வருவாங்க." நேற்று மூன்றாவது தடவை. கூண்டுக்குள் விரலை விட்டு மேனேஜர் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். "இனிமே வரமாட்டேன்மா. பார்த்துட்டுப் பார்த்துட்டுப் போறது கஷ்டமா இருக்கு" என்றார்.

நான் உன்னை நம்பித்தான் மூன்று தடவையும் இல்லை என்றேன். எப்போது வருகிறாய்?

அக்கா

மார்ச் 1

அக்கா,

இந்தக் கடிதத்தைக் கிழித்துக் கிழித்து எழுதுகிறேன். கிழித்த தாளையும் ஹாரன் தின்றுவிட்டது.

ஆமாம், தையல்காரர் இல்லை. அந்த மனுஷனுக்கு நாய் என்றாலே தும்மல். சிவந்த கண் என்னுடையது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கார் கற்றுக்கொண்ட ஒருவர் நாய்க்குட்டி வளர்த்து விற்கிறவர். டெஸ்ட் பாஸானதும், "சார், நம்ம இடத்துக்கு ஒரு தடவை வந்து பாருங்க" என்றார். பார்க்கத்தான் போனேன். சத்தியமாகப் பார்க்கத்தான். முன்னறையில் கண்ணாடித் தொட்டிக்குள் குட்டிகள். ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். அது என் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டே தூங்கிவிட்டது. அவர் முகத்தில் ஒரு ஆவல். உனக்குத் தெரியுமே, யாராவது ஆவலோடு முகத்தைப் பார்த்தால் என் வாய் தானாகச் "சரி" என்றுவிடும். உன் முகத்தைப் பார்த்து மேனேஜருக்குச் சரி என்றேன். அவர் முகத்தைப் பார்த்து இதற்கும் சரி என்றேன். அடுத்து யாராவது யானைக்குட்டியோடு வந்தால் என் கதி என்ன?

உன் தம்பி மனைவியிடம், "அக்காகிட்ட சொல்லிட்டேன்" என்றேன். அவளும் நம்பிவிட்டாள். என்னை நம்புகிற பெண்கள் அமைந்துவிட்டது என் அதிர்ஷ்டம், உங்கள் தலைவிதி.

அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன். நீ முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினது ஞாபகம் வந்தது. கேட்டைப் பற்றி எழுதினேன். கேட் எப்போதோ சரியாகிவிட்டது, அக்கா. அந்த வெல்டர் முதல் செவ்வாயே வந்துவிட்டார். அவருக்கும் வீணாகக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டது இதுதான்: ரிப்பன் கட்டினால் என்ன கெட்டுப்போகிறது? பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி. ஏறினால் உட்காரலாம், ஏறாவிட்டால் துண்டுதானே நஷ்டம். அந்த சீட் அத்தனை நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டு பட்டினி கிடக்கும் என்று நீ எழுதின பிறகுதான் தெரிந்தது. ஒரு அம்மா மூன்று தடவை நின்றுகொண்டே திரும்பிப் போனார் என்றும்.

ரிப்பனை அவிழ்த்துவிடு. என்னைத் திட்டி எழுது. பெரிதாக எழுது.

தம்பி

மார்ச் 8

அவிழ்த்துவிட்டேன்.

திட்ட நேரமில்லை. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. அந்த ஆள் வீட்டில் குட்டியின் தாயைப் பார்த்தாயா?

அக்கா

மார்ச் 12

அக்கா,

பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. புடவை எடுக்கப் போனால்கூட உள்பக்கம் திருப்பிப் பார்க்கிற குடும்பம் நம்முடையது.

உன் கடிதம் வந்ததும் அவரிடம் போனேன். "தாய் நாயைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்றேன். அவர் பெரிதாகச் சிரித்தார். "சார், ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னாடி பாக்கணும்னு சொல்லிக் குடுத்தீங்க. குட்டி வாங்கறப்ப எதுக்கு?" நானும் சிரித்துவிட்டேன், அக்கா. என் சிரிப்பு அப்படிப்பட்ட சிரிப்பு, யார் சிரித்தாலும் கூடவே வந்துவிடும். சிரித்து முடிக்கும்போது பின்பக்கத் தகரக் கதவுக்குப் பின்னால் சுரண்டுகிற சத்தம். ஒரே இடத்தில், நிற்காமல். "எலி சார்" என்றார். அவ்வளவு பெரிய எலி இருந்தால் அதையும் விற்றிருப்பார். உள்ளே அடைத்து வைத்திருப்பது தாய் நாயைத்தான் என்று எனக்கே புரிந்துவிட்டது.

அவர் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல். சொன்னது யார் என்று கேட்டால் என் பேரையே சொல். டிரைவிங் ஸ்கூலுக்கு ஆள் அனுப்பமாட்டார், அவ்வளவுதானே. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்.

மேனேஜர் சாப்பிடுகிறதா? அந்த நர்ஸம்மா வீடு எங்கே? நான் காலில் விழுகிறேன். எனக்கு இடுப்பு வலி உண்டு, விழுந்தால் எழுந்திருக்க நேரமாகும். அதுவரைக்கும் அவர் மனசு இளகலாம்.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

முகவரியைக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டேன். உன் பேரோடுதான்.

மேனேஜர் முன்வரிசைக்கு வந்துவிட்டார். இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை. வேலையாட்களை மறந்துவிட்டாரோ என்று பயந்தேன். நேற்று நான் தரை துடைக்கும்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு மூலையை வேண்டுமென்றே விட்டேன். பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ உண்மையை எழுதினாய், நானும் எழுதுகிறேன். ஹாரன் என்று படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. உலகத்தில் வேறு எவன் அப்படிப் பேர் வைப்பான்? அன்றைக்கே ரிப்பனை வெட்டியிருக்க வேண்டும். நர்ஸம்மா மூன்றாவது தடவை வந்தபோது எனக்கு முழுசாகத் தெரியும், நீ வரப்போவதில்லை என்று. தெரிந்தேதான் "வருவாங்க" என்றேன். உன்னை நம்பித்தான் இல்லை என்றேன் என்று எழுதினேனே, அது பொய்.

ஏன் என்று கேட்காதே. கேட்பாய். நாய் எடுக்கிற சாக்கிலாவது வருவாயே என்றுதான். நீ வந்துபோனது எத்தனை வருஷம் கழித்து? ரிப்பன் இருக்கிறவரை உன்னிடமிருந்து கடிதமாவது வரும். கேட் கதை, வெல்டர் கதை, பல் டாக்டர் கதை. பொய் என்று தெரிந்தாலும் ராத்திரி சாப்பிடும்போது எதிரில் வைத்துக்கொண்டு படிப்பேன். நீ துண்டு போட்டாய். அதை எடுக்காமல் காவல் காத்தது நான்.

நர்ஸம்மா வீட்டுக்கு நானே போய்வந்தேன். ஒத்துக்கொண்டார். என்ன சொன்னேன் என்று நேரில் பேசிக்கொள்ளலாம். எங்கள் வேன் பழுது. ஞாயிற்றுக்கிழமை உன் காரோடு வா. உனக்காக ரிப்பன் கட்டின நாய், நீயே கொண்டுபோய் விடு.

அக்கா

மார்ச் 27

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சரியாகப் பேசக்கூட இல்லை. டீ கொடுத்தாய், குடித்தேன். இருவரும் நாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பது நாய்கள் வைத்திருப்பதில் இது ஒரு வசதி, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டியதில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

மேனேஜர் முன்சீட்டில்தான் உட்காருவேன் என்றுவிட்டார். கற்றுக்கொடுக்கும்போது நான் எப்போதும் உட்காருகிற இடம் அது. அவர் அங்கே இருந்துகொண்டு நான் கியர் மாற்றுவதைப் பார்த்தார், கண்ணாடி பார்க்கிறேனா என்று பார்த்தார். ஒரு திருப்பத்தில் சிக்னல் போட மறந்தேன். தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை! இத்தனை வருஷம் எத்தனை பேரை நான் அப்படிப் பார்த்திருப்பேன். ஒவ்வொருத்தரிடமும் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது.

நர்ஸம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்ததும் மேனேஜர் இறங்கி நேராக உள்ளே போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்றது. கோபமாக ஒரு உறுமல், இல்லை மன்னித்தேன் என்று கையில் ஒரு நக்கு, ஏதாவது ஒன்று கிடைக்கும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன் போல. அதற்கு நான் யார் என்றே தெரியாது, அக்கா. சுவரைப் பார்த்துக் கிடந்தது அதற்குத் தெரியும். அந்தச் சுவர் நான்தான் என்று தெரியாது.

"காப்பகத்து டிரைவரா?" என்றார் அந்த அம்மா.

"ஆமாம்மா" என்றேன்.

நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. வாயில் தானாக வந்துவிட்டது. அவர் உள்ளே போய்த் தண்ணீரும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொண்டுவந்தார். "வழியில சாப்பிடுங்க. தூரம் போகணுமே." வாங்கிக்கொண்டேன். அப்புறம் சொன்னார்: "அந்தத் தம்பிகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. அவ்வளவு ஆசையா ரிப்பன் கட்டி வெச்சிருந்தவரு, நான் தனியா இருக்கேன்னு தெரிஞ்சதும் விட்டுக் குடுத்துட்டாராமே. அவங்க அக்கா சொன்னாங்க. இந்தக் காலத்துல யாரு அப்படி விட்டுக் குடுக்கறாங்க? அவரு நல்லா இருக்கணும்."

"சொல்லிடறேன்மா" என்றேன்.

நேரில் பேசிக்கொள்ளலாம் என்று நீ எழுதியது இதுதானா? என் மானத்தைக் காப்பாற்ற நீ போய்ப் பொய் சொல்லியிருக்கிறாய். சின்ன வயசில் நான் உடைத்த ஜாடிக்கெல்லாம் "காத்துல விழுந்துச்சு" என்று சொல்லுவாயே, அதே அக்கா.

காரைக் கிளப்பிப் போய்விட்டேன். தெருமுனை வரைக்கும் நன்றாகத்தான் ஓட்டினேன். பசித்தது, ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டேன். விழுங்க முடியவில்லை. திட்டு வாங்கியிருந்தால் சாப்பிட்டிருப்பேன், எனக்கு அது பழக்கம். வாழ்த்து வாங்கிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது?

திரும்பிப் போனேன். மணி அடித்தேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்.

"அம்மா, நான் டிரைவர் இல்ல. கார் ஓட்டக் கத்துக் குடுக்கறவன். அந்தத் தம்பி நான்தான். நான் ஒண்ணும் விட்டுக் குடுக்கலம்மா. வேற குட்டி வாங்கிட்டேன். அதைச் சொல்லப் பயந்துகிட்டு ரிப்பனை அப்படியே விட்டுட்டேன். நீங்க மூணு தடவை திரும்பிப் போனீங்களே, அது என்னாலதான்."

உன் பங்கை நான் சொல்லவில்லை. அது உன்னுடையது, உனக்குத் தோன்றும்போது நீ சொல்லிக்கொள்.

அவர் கேட்டுக்கொண்டே நின்றார். நர்ஸாக இருந்தவர் இல்லையா, நோயாளி உளறுவதைப் பொறுமையாகக் கேட்கிற முகம். திட்டுவார், பாதி பாரம் இறங்கிவிடும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் மீதியும் இறங்கிவிடும். அவர் இரண்டும் செய்யவில்லை. தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"இப்பதான் கண்ணை மூடியிருக்கு. மெதுவா பேசுங்க" என்றார். பிறகு, "இன்னும் ஏதாவது சொல்லணுமா?"

"இல்லம்மா."

கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் சத்தம்கூடக் கேட்காமல், அவ்வளவு பதமாக. எனக்காக இல்லை, அக்கா. உள்ளே அது தூங்குகிறது.

தம்பி